கீழே லினக்ஸ், மேலே ‘லினக்ஸுக்கு ஆதரவு இல்லை’

அக்கா மகளின் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ்; விண்டோஸைப் போல ஓர் இயங்குதளம், ஆனால் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். அதில் ஆன்லைன் தேர்வு எழுதப் போனால், தேர்வு நிறுவனத்தின் தளம் ஆதரவு இல்லை என்றது. அந்தக் கூத்தில் எடுத்து முந்தாநாள் நான் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டுக்கு வந்த பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பாதிப் பேர் சிரித்திருக்கிறீர்கள். சரி, சிரிக்க வேண்டிய படம்தான். மீதிப் பேர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். ‘ஓசியில் கிடைத்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு வாய் எதற்கு?’ என்று ஒருவர். முக்கியமாக அவருக்குத்தான் இது.

அந்தத் தேர்வு நிறுவனம் எது என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அக்கா மகள் இன்னும் இரண்டு தாள் அவர்களிடம்தான் எழுதியாக வேண்டும்.

நடந்ததில் நீங்கள் கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பிரவுசரில் ஒரு சின்ன மாற்றம் செய்து, இது விண்டோஸ் என்று பொய் சொல்ல வைத்தேன். உடனே கேமரா சரி, மைக் சரி, இணைய வேகம் சரி என்று வரிசையாகப் பச்சை டிக். அதே லேப்டாப், அதே கேமரா. பெயரை மாற்றியதும் எல்லாம் நல்லதாகிவிட்டது. கடைசியில் விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு எக்ஸ்இ கோப்பை இறக்கச் சொன்னதோடு கதை முடிந்தது.

உதவிப் பக்கத்துக்குப் போனால் அது படுத்துவிட்டது. வெள்ளைப் பக்கம், நடுவில் ‘502 பேட் கேட்வே’ என்ற பிழைச் செய்தி, கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் என்ஜின்எக்ஸ் என்று சர்வர் மென்பொருளின் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உபுண்டு! அது லினக்ஸின் ஒரு வகை. நீங்கள் பார்த்துச் சிரித்த படம் இதுதான். லினக்ஸ் ஆகாது என்று வாசலில் பலகை மாட்டியவர்களின் வீடே லினக்ஸ் மேல்தான் நிற்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை வைத்துச் சம்பாதிக்கிறாய் அல்லவா, அதைப் பயன்படுத்துகிறவனைத் துரத்தாதே. காசு கேட்கவில்லை. நன்றி அறிவிப்பும் வேண்டாம். துரத்தாமல் இருந்தால் போதும்.

‘உரிமத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லையே’ என்பீர்கள். இல்லைதான். லினக்ஸ் கர்னலின் (அதன் மையப்பகுதியின்) உரிமமான ஜிபிஎல்லை நானும் படித்திருக்கிறேன். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், விற்கலாம், சம்பாதிக்கலாம். 1983-இல் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கக் குனு திட்டத்தை அறிவித்த காலத்திலிருந்து பேசப்படுவது விடுதலையைப் பற்றித்தான், விலையைப் பற்றி அல்ல. சட்டப்படி எனக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை. ஆனால் சட்டப்படி கடன் இல்லை என்றால் மரியாதைகூடத் தேவையில்லை என்று எந்த உரிமத்தில் எழுதியிருக்கிறது?

அடுத்தது, ‘லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அதற்காகத் தனியாக ஆள் போட முடியுமா?’ இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டேட்கவுண்டரின் கணக்குப்படி 2024-இல்தான் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் 4 சதவீதத்தைத் தாண்டியது. குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். லாபம் வரும் இடத்தில் அது உலகம், நான் உதவி கேட்கும் இடத்தில் அது 4 சதவீதம்.

பெரிய நிறுவனங்களைப் பாருங்கள். 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி பால்மர். 2014-இல் அவர் இடத்துக்கு நாதெள்ளா வந்து ‘மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது’ என்றார். கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். 2019 டிசம்பரில் அவர்களுடைய கூட்டச் செயலியான டீம்ஸ் லினக்ஸுக்கும் வந்தது. மூன்றே வருடத்தில் அதை நிறுத்திவிட்டு, பிரவுசரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தங்கள் கிளவுட் சேவையான அஷ்யூரில் லினக்ஸ் சர்வர்களை வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தின் மேல் நேசம் குறையவில்லை. கூகுள் டிரைவ் 2012-இல் வந்தது. விண்டோஸுக்குச் செயலி உண்டு, மேக்குக்கு உண்டு, லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வமாக இன்றுவரை ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் கூகுளின் பொறியாளர்களுக்கென்றே டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்துச் செய்த ஜிலினக்ஸ் இருக்கிறது. தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லது, ஊரான் பிள்ளைக்கு மட்டும் ஆகாது போல.

‘அவர்கள் கர்னலுக்கு ஆள் வைத்து வேலை செய்கிறார்களே?’ செய்கிறார்கள். கர்னலில் வரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுவது இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் தங்கள் வண்டி ஓடும் சாலையைத்தான் செப்பனிடுகிறார்கள். என் லேப்டாப்பின் வைஃபையே இன்டெல்காரர்கள் எழுதிய டிரைவரில்தான் ஓடுகிறது என்று ஒரு நண்பர் சொல்வார். சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

‘தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்க வேண்டுமே, பயனர் எதை வேண்டுமானாலும் மாற்றக்கூடிய இயங்குதளத்தை எப்படி நம்புவது?’ இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான். விண்டோஸ்காரர்கள் எல்லோரும் ஹரிச்சந்திரன் பரம்பரையா என்று கேட்டுவிட்டு நகர்கிறேன்.

முடியாது என்பதையும் நம்பத் தயாராக இல்லை. கணினி விளையாட்டுகள் விற்கும் வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் லினக்ஸில் ஓட ஆரம்பித்தன. 2022-இல் லினக்ஸை வைத்தே ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விற்றார்கள். அவர்கள் செய்தது தர்ம காரியம் அல்ல, வியாபாரம்தான். அதில் எனக்கும் ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்த ‘ஓசி’ அண்ணனுக்கு வருகிறேன். ‘மென்பொருளை எழுதியவனுக்குக் கடன்பட்டிருக்கலாம், நீ வெறும் பயனர்தானே’ என்றும் கேட்டிருந்தார். முதலில், எழுதியவனையாவது கவனித்தார்களா? 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோதுதான் தெரிந்தது, பாதி இணையத்தைத் தாங்கிய ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு முழுநேர ஆள் ஒரே ஒருவர், நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2000 டாலர் என்று. அடி விழுந்த பிறகுதான் பணப்பை திறந்தது.

அப்புறம், வெறும் பயனர். என் பழைய லேப்டாப்பை மடக்கித் திறந்தால் டச்பேட் செத்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு வழு (பக்) அறிக்கை போட்டேன். ஏதோ ஒரு நாட்டிலிருந்து டிரைவர் எழுதுகிறவர் பதில் போட்டார், இந்தத் திருத்தத்தை (பேட்ச்) போட்டுப் பார் என்று. வேலை முடிந்து வந்து ராத்திரி கர்னலை கம்பைல் செய்ய விட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன். ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும். மடக்கு, திற, டச்பேடைத் தடவு. வேலை செய்யாது. பதிவுக் கோப்பை அனுப்பு, மறுபடி முதலிலிருந்து. மூன்று வாரத்தில் எட்டு முறை. கடைசியில் திருத்தம் இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்குக் கீழே ‘ரிப்போர்ட்டட் பை’ என்று என் பெயர் இருக்கிறது. அந்த டச்பேடை வைத்து லேப்டாப் விற்ற நிறுவனம் எனக்குச் சொன்ன பதிலும் ‘ஆதரவு இல்லை’தான். இப்போது யாருக்கு ஓசி வேலை பார்த்தது யார்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் அந்த நிறுவனம் மட்டும் இல்லை.

அன்றைக்கு நாற்பது நிமிடம் போராடினோம். அக்கா மகள் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தோழி வீட்டுக்கு ஓடி, அவளுடைய லேப்டாப்பில் எழுதினாள். ராத்திரி வந்து, சண்டை போடாமல், மெதுவாகத்தான் கேட்டாள்.

“மாமா, எனக்கும் விண்டோஸ் போட்டுக் குடுத்துடுங்களேன். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்.”

பத்தாவது படிக்கும்போது அவளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். டெர்மினலில் தன் பெயரை வண்ண எழுத்தில் வரவைத்துவிட்டு வீடு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியவள் அவள். கஷ்டமாக இருந்தால் வேண்டாமாம்.

அவள் டிஸ்க்கில் பாதியைப் பிரித்து ஒதுக்கிவிட்டேன், லினக்ஸ் ஓரமாக இருக்கட்டும் என்று. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் ஒரு கருவி தருகிறது. அதுவும் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வென்டாய் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்துத்தான் என் லினக்ஸில் அந்த பென்டிரைவைச் செய்துகொண்டிருக்கிறேன். 63 சதவீதம் வந்திருக்கிறது.