விளம்பரம் முடிந்ததும் படம் திரும்பி வர வேண்டும்

ஓடிடியில் விளம்பரத்தோடு வரும் மலிவுச் சந்தாவை வாங்குபவர்கள், நான் பார்த்தவரை, மாதச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் குடும்பத்தினர்தான். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய ஸ்மார்ட் டிவி இன்னும் கூடத்துச் சுவரில் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான். வசதியுள்ளவர் கூடுதல் பணம் கட்டி விளம்பரத்தை நீக்கிக்கொள்கிறார். அவர் வீட்டு டிவியும் புதியது. பழைய டிவிகளிலோ விளம்பரம் முடிந்ததும் படம் திரும்பி வராமல் செயலி திணறுகிறது. ஆக, விளம்பரச் சந்தா எந்த டிவியில் மிக மோசமாகத் திணறுமோ, அந்த டிவி உள்ள வீட்டின் தலையில்தான் அது கட்டப்படுகிறது. எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூர்தர்ஷன் காலத்திலிருந்து சோப்பும் பற்பசையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அன்று விளம்பரம் முடிந்தால் நிகழ்ச்சி தானாக வந்தது. அந்த ஒன்றைத்தான் இன்று பணம் கட்டியும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, ஆண்டுக்கு 899 ரூபாய்க்கு விளம்பரத்தோடு ஒரு திட்டமும், 1,499 ரூபாய்க்கு விளம்பரம் இல்லாத திட்டமும் வந்தன. இரண்டாவதிலும் நேரலை விளையாட்டுக்கு விளம்பரம் உண்டு. அதே ஆண்டு ஜூன் 17 முதல் அமேசான் பிரைம் வீடியோ, ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தவர்களுக்கே விளம்பரம் காட்டத் தொடங்கியது; வேண்டாம் என்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய். விலை வைப்பது அவரவர் உரிமை. கொடுத்த காசுக்குப் படம் முழுதாக ஓட வேண்டும் என்பது நம் உரிமை.

கோவில்பட்டியில் அம்மா வீட்டு டிவியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் டிவி, எந்தச் செயலி என்பதை விட்டுவிடுகிறேன். பலர் வீட்டில் பலவற்றிலும் நடப்பதுதான். மத்தியானம் வேலை முடிந்து அம்மா ஒரு பழைய படம் போடுவார். அரை மணி நேரத்தில் விளம்பரம் வரும். திரையின் மூலையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தைத் தொடும். அதோடு திரை கறுத்துவிடும், நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சில நேரம் வசனம் மட்டும் கேட்கும், படம் வராது. ரிமோட்டை அழுத்தினால் ஒன்றும் அசையாது. கொஞ்சம் கழித்து, அழுத்தியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிகழ்ந்து, செயலியே மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் முதலில் விளம்பரம். அது முடிந்தால் மீண்டும் கறுப்புத் திரை. கடைசியில் எழுந்துபோய்ச் சுவரில் சுவிட்சை அணைத்துப் போடுவார். "ஏன்ப்பா, விளம்பரம் மட்டும் ஒழுங்காக ஓடுகிறதே, படத்துக்கு என்ன வந்தது?" என்று என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் டிவிக்குள் இருக்கிறது. பல செயலிகளில் படமும் விளம்பரமும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. விளம்பர நேரம் வந்ததும் செயலி படத்தை நிறுத்தி, விளம்பரச் சர்வரிடம் கேட்டு, வந்த விளம்பரத்தைத் தனியாக ஓட்டி, அதை மூடிவிட்டுப் படத்தை விட்ட இடத்தில் மறுபடி திறக்க வேண்டும். பழைய டிவிகள் பலவற்றில் வீடியோவைப் பிரித்துக் காட்டும் சிப் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கையாளும். அதனால் ஒவ்வொரு இடைவேளைக்கும் படத்தை முழுதாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அப்போது விற்ற மலிவு ஆண்ட்ராய்டு டிவிகளில் 1 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 8 ஜிபி சேமிப்பு என்பது சாதாரணம். இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில்தான் இவ்வளவும் நடக்க வேண்டும். ஒரு படத்தை ஒரே மூச்சில் ஓட்டுவது அந்த டிவிக்குப் பெரிய வேலையில்லை. நடுவில் நான்கு முறை நிறுத்தித் திறப்பதுதான் அதை மூச்சுவாங்க வைக்கிறது.

இன்னொரு முறையும் இருக்கிறது. சர்வரிலேயே விளம்பரத்தைப் படத்தோடு தைத்து ஒரே ஓடையாக அனுப்புவார்கள். ஆனால் விளம்பரத்தின் தெளிவுத்திறனும் ஒலி அமைப்பும் படத்திலிருந்து மாறுபட்டால், அந்தத் தையல் வரும் இடத்தில் பழைய சிப் தடுமாறும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்ஜி, சாம்சங் டிவிகளில் ஓடும் ஓடிடி செயலிகள் பெரும்பாலும் உள்ளே வலைப்பக்கங்கள்தான். டிவியில் பதித்த ஒரு பிரௌசர் அவற்றை ஓட்டுகிறது. 2018இல் வந்த எல்ஜியின் வெப்ஓஎஸ் 4 இயங்குதள டிவிகளில் இருப்பது குரோமியம் என்ற பிரௌசரின் 53ஆம் பதிப்பு. அந்தப் பதிப்பு வெளியானது 2016இல். கடையில் பெட்டியைப் பிரித்த நாளிலேயே அதற்கு இரண்டு வயது. கைப்பேசியில் பிரௌசர் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இந்த டிவியிலோ அதே பிரௌசரை வைத்துக்கொண்டு இன்றைய விளம்பர நிரல்களை ஓட்டச் சொல்கிறார்கள்.

ஆதரவு நிற்பது புதிய செய்தியும் அல்ல. 2010, 2011ஆம் ஆண்டுகளில் வந்த சில சாம்சங் டிவிகளில் 2019 டிசம்பர் 1 முதல் நெட்ஃபிளிக்ஸ் ஓடாமல் போனது. திரையில் ஒரு கீறலும் இல்லாத டிவிகள் அவை. நம் மாநிலத்தில் 2006இல் அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது ஆண்டுக்கணக்கில் உழைத்தது. பழுதானால் தெருக்கோடி மெக்கானிக் சரிசெய்தார். இன்று டிவி பழுதாகவே இல்லை, இருந்தும் ஓடவில்லை. எந்த மெக்கானிக்காலும் அதைத் திறந்து சரிசெய்ய முடியாது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், செயலிக்காரர் டிவி நிறுவனத்தைக் கைகாட்டுகிறார், டிவி நிறுவனம் செயலிக்காரரைக் கைகாட்டுகிறது. இருவரும் கடைசியில் ஒரே குரலில் சொல்வது, புது டிவி வாங்குங்கள். நல்ல பேனல் ஒன்றைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதற்கு இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

கேபிள் தொலைக்காட்சிக்கு இந்த நாட்டில் விதி இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், விளம்பரம் மணிக்குப் பன்னிரண்டு நிமிடங்களைத் தாண்டக் கூடாது, அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக் கூடாது, எந்த விதத்திலும் நிகழ்ச்சிக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அந்த விதிகள் எவ்வளவு மதிக்கப்படுகின்றன என்பது வேறு விஷயம், எழுத்திலாவது இருக்கின்றன. ஓடிடி அவற்றுக்குள் வருவதில்லை. கலிஃபோர்னியாவில் ஓடிடி விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக ஒலிக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் சட்டம் கையெழுத்தானது. 2026 ஜூலை 1 அதற்கு நடைமுறைத் தேதி. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் சாதனத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும்.

இங்கேயும் அது வேண்டும். எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று டிவி பெட்டியில் நட்சத்திரம் ஒட்டத் தெரிந்த நமக்கு, மென்பொருள் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்று அதன் பக்கத்திலேயே அச்சிடவும் தெரியும். ஓடிடி நிறுவனங்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. டிவியில் செயலியைத் திறக்கும்போதே என் டிவியின் மாடல் உங்களுக்குத் தெரிகிறது. அதில் விளம்பர இடைவேளை ஒழுங்காக ஓடாது என்றால் பணம் வாங்குவதற்கு முன் சொல்லுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால், அந்த டிவிக்கு இடைவேளைகளைக் குறைத்து, விளம்பரங்களைப் படம் தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள். விளம்பரம் போட்டவருக்கும் அதில் நட்டமில்லை.

இப்போதைக்கு வழி என்ன என்று கேட்பவர்களுக்கு: டிவியில் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால், ஓடிடி செயலிகளைத் தானே ஓட்டும், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்ற சிறு கருவி ஒன்றைச் செருகுங்கள். டிவிக்குத் திரை வேலை மட்டும் மிஞ்சும். அம்மாவுக்கு நானும் அதைத்தான் செய்து கொடுத்தேன், படம் இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் ஸ்டிக்கும் சாகாவரம் பெற்றதல்ல. 2025 மார்ச்சில், உள்ளே பதித்த ஒரு டிஜிட்டல் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால், டிவியில் செருகும் கூகுள் கருவியான குரோம்காஸ்டின் இரண்டாம் தலைமுறைச் சாதனங்கள் ஒரே நாளில் முடங்கின. கூகுள் சரிசெய்து கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தவிர, சந்தாவுக்கு மேல் இந்தச் செலவையும் பார்ப்பவரே ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதனால் ஸ்டிக் வாங்கினாலும் புகாரை விட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். டிவியின் மாடல் எண், வாங்கிய ஆண்டு, செயலியின் பதிப்பு, விளம்பரம் முடிந்து திரை கறுத்து நிற்பதைக் கைப்பேசியில் எடுத்த வீடியோ, சந்தா ரசீது ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணோடு ஓடிடி நிறுவனத்துக்கும் டிவி நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்ட அப்போது இடமிருக்காது.