மவுத்பீஸ் செய்து பிழைத்தவர்களும் நம்ம ஊர் பிட்டர்மாரும்

சாக்ஸபோன் வாசிக்கிறவனை மலையகத்தில் இரண்டு வேலைக்குத்தான் தேடுவார்கள். ஒன்று கல்யாண வீடு, மற்றது நுவரெலியா ஏப்ரல் சீசன். மிச்ச நாளெல்லாம் "தம்பி, வேலைவெட்டி ஏதும் பார்க்கிறீங்களா?" என்ற கேள்விதான். வாசிப்பது வேலையில் சேர்த்தி இல்லை என்பது எங்கள் பக்கத்து முடிவு. என் மாமா இன்னமும் ஏதாவது தோட்ட ஆபீசில் கிளார்க் வேலை காலி இருக்கிறதா என்று எனக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அதனாலேயே ஜோடி எஸ்பினா என்ற மனிதரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியூயார்க்கில் ஜாஸ் வாசித்துக்கொண்டும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தவர். 2000இல் ஜோடிஜாஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். சாக்ஸபோன் செய்யவில்லை, வாயில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னத் துண்டு, மவுத்பீஸ், அதை மட்டும். இந்த வித்தையில் அவருக்குக் குரு சாண்டி ரன்யன் என்ற பெரியவர். அவரும் ஒருகாலத்தில் சிக்காகோ தியேட்டரில் வாசித்துவிட்டு அப்புறம் மவுத்பீஸ் செய்யப் போனவர்தான், தொண்ணூறைத் தாண்டி 2003இல் காலமானார். எஸ்பினாவின் கம்பெனி இன்று ஜார்ஜியா மாநிலத்தில் சவன்னா என்ற ஊரில் இருக்கிறது. கிளாரினெட் ஆட்கள் கும்பிடுகிற ஷெடெவில் என்ற பழைய பிரெஞ்சுப் பெயரையும் வாங்கிவிட்டார்கள்.

இது ஏதோ ஒருத்தருக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஜாஸில் பேர்போன சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் வாசித்த மவுத்பீஸில் இருக்கிற ஓட்டோ லிங்க் என்ற பெயர் ஒரு வாசிப்பாளரின் பெயர். இன்னொரு ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்த பிரில்ஹார்ட்டும் அப்படித்தான், ஆர்னல்ட் பிரில்ஹார்ட் நியூயார்க் ஸ்டூடியோக்களில் சாக்ஸபோன் வாசித்தவர். மவுத்பீஸ் செய்த பாபி டூகோஃப் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். இந்தத் தொழிலில் பேர் நிலைத்த ஆட்களைப் பாருங்கள், பாதிக்குமேல் முதலில் ஊதியவர்கள், பிறகுதான் அரத்தைக் கையில் எடுத்தவர்கள். ஏன் என்று கேட்டால் என் பதில் சுருக்கம்: எங்கே தப்பு இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அதைத் திருத்தவேண்டும் என்று கை அரிக்கும்.

வாசிக்காதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கோயிலில் நாதஸ்வரம் ஊதுகிற அண்ணன்மாரைப் பார்த்திருப்பீர்கள், வாத்தியத்தில் ஒரு கொத்துச் சீவாளி தொங்கும், வாசிப்பதற்கு முன் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்வார். சாக்ஸபோனில் மவுத்பீஸும் அதில் கட்டுகிற நாணல் பட்டையான ரீட்டும் சேர்ந்து அந்த இடத்தில் இருக்கிறது. பித்தளைக் குழாய் எவ்வளவு விலையானாலும் சரி, சத்தம் பிறப்பது இங்கேதான். கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தில் கமகம் கொண்டுவந்தாரே, அதில் விரல் செய்த வேலைக்குக் குறையாத வேலையை உதடு செய்திருக்கிறது.

ரீட் உட்காருகிற பக்கம் தட்டையாக வந்து, நுனிக்குப் போகப் போக மெல்ல வளைந்து விலகும். நுனியில் ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். டெனருக்கான ஓட்டோ லிங்க் 7 என்றால் 100, 7 ஸ்டார் என்றால் 105. வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து, ஒன்றிரண்டு மயிரிழைக் கனம். ஆனால் ஒன்றை ஊதிவிட்டு மற்றதை எடுத்தால் மூச்சுக்கு உடனே தெரியும். இதைவிட முக்கியம் அந்த வளைவின் இரண்டு கரையும் ஒரே மாதிரி இருப்பது. ஒரு கரை கொஞ்சம் முன்னேபின்னே போனாலும் கீச்சென்று கத்தும், கீழ் ஸ்வரங்கள் பிடிவாதம் பிடிக்கும். வாசிக்கிறவனோ தன் உதட்டைத் திட்டிக்கொண்டு ரீட் மாற்றிக்கொண்டே இருப்பான். 2022இல் டாலர் ஏறின பிறகு ரீட் மாற்றுவதெல்லாம் விளையாட்டுக் காரியமா?

கொழும்பில் ஒரு கடையில் புதிதாக வாங்கின மவுத்பீஸ் என்னிடம் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் "ஊதிப் பழகணும்" என்றார். தலவாக்கலையில் த்ரீவீலர் திருத்துகிற அண்ணனிடம் கொண்டுபோனேன். அவரிடம் இசை அறிவு கிடையாது, பீலர் கேஜ் இருக்கிறது, எஞ்சின் வால்வு இடைவெளி (டெப்பட்) பார்க்கிற அதே மெல்லிய தகடுக் கட்டு. அமெரிக்காவில் மவுத்பீஸ் திருத்துகிறவர்கள் வளைவை அளப்பதும் அதே தகடுகளை வைத்துத்தான், தொடங்குவது அங்குலத்தில் 0.0015 கனத் தகட்டில் இருந்து. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மவுத்பீஸைக் கவிழ்த்து வைத்தோம். அண்ணன் ஒரு தகட்டை நுனிப்பக்கமாக மெல்ல நுழைத்தார். நேராக நிற்கவேண்டிய தகடு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது, இடது கரையில் உள்ளே போகிறது, வலது கரையில் தட்டுகிறது. "இது கோணல் தம்பி, வால்வு இப்பிடி இருந்தா எஞ்சின் ஸ்டார்ட்டே ஆவாது" என்றார். பிறகு சேண்ட் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டித் தண்ணீர் தொட்டு (மவுத்பீஸ் கெட்டி இறப்பர், அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது), அவர் இரண்டு இழுப்பு இழுப்பதும் நான் ஊதிப் பார்ப்பதுமாக அந்தி ஆகிவிட்டது. கீச்சு நின்றது.

அங்கேதான் எனக்கு இந்த யோசனை பிடித்தது. அவர் கை, என் காது. தனியாக இருந்தால் இரண்டும் உதவாது. தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலை ஆலைகளில், ரோலரும் டிரையரும் பூட்டித் திருத்திக் கைதேர்ந்த பிட்டர்மார், ஓய்வு எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், எத்தனை பேர் நம்மிடம்? மூலப்பொருளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நல்ல மவுத்பீஸ்களில் பெரும்பகுதி எபோனைட், அதாவது இறப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கிக் கல்லுபோல ஆக்கினது. 1876இல் ஹெனரத்கொடவில் நட்ட காலத்தில் இருந்து இறப்பர் இந்த நாட்டில் இருக்கிறது, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டுகிறவர்களிலும் நம்ம சனம் இருக்கிறது. பால் வெட்டுவதோடு நம்ம பங்கு முடிந்துவிடுகிறது.

சுயதொழில் என்று யாராவது வந்தால் தையல் மெஷின், காளான், கோழிக்குஞ்சு. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு லயத்து வீடுகளில் ஏழு பேர் தைத்தால் யாருக்குத் தைப்பது? மவுத்பீஸ் தபாலில் போகிற சாமான், கையளவு, எடை சொற்பம். எஸ்பினா சவன்னாக்காரர்களை நம்பியா கடை போட்டார்? உலகம் முழுக்க ஊதுகிறவன்தான் அவருடைய வாடிக்கை.

நாளைக்கே கம்பெனி தொடங்கலாம் என்று உளற மாட்டேன். கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்கள் ஒரே அச்சாக வெட்டித் தள்ளுகிற காலம் இது, அதோடு விலையில் மோத முடியாது. ஆனால் திருத்துகிற வேலை வேறு. அதற்கு வேண்டியது தகடு, கண்ணாடி, அரம், ஊதத் தெரிந்த ஒருத்தர். பாடசாலை பாண்ட் அலுமாரிகளில் வெயில் பட்டுப் பச்சை பூத்து, கந்தக வாடையோடு கிடக்கிற பழைய மவுத்பீஸ்களை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு உயிர் இருக்கும். "இந்தப் பிள்ளைக்கு ஊத வராது" என்று மாஸ்டர் ஒதுக்கின பிள்ளைகளில் சிலருக்குக் குறை வாயில் இல்லை, வாயில் வைத்த சாமானில்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் கிளாரினெட்டோ சாக்ஸபோனோ வைத்துக்கொண்டு திட்டு வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம் என்று சம்மதித்திருக்கிறார். மற்ற நாளில் வந்தால் த்ரீவீலர் வரிசைக்குப் பின்னால்தான் நிற்கவேண்டி வரும்.