விருப்பாச்சியில் நடக்காத கலப்பு

மரபணு வேறுபாடு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். உயிரினங்களில் வேறுபாடு திடீர் மாற்றத்தால், அதாவது டிஎன்ஏவில் நேரும் பிழைகளால், வருகிறது என்று அது முடித்துக்கொள்கிறது. பாதிதான் சரி. வந்த மாற்றங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் புதுச் சேர்க்கைகளாக்குவது மறுசேர்க்கை; தாய்வழி, தந்தைவழி டிஎன்ஏ கலந்து சேர்வது.

எங்கள் கீழ்ப்பழனி மலை விருப்பாச்சி வாழையில் அந்தக் கலைப்பே இல்லை. மும்மடியம் (ஒவ்வொரு குரோமோசோமும் மூன்று படி), விதை கிடையாது, பக்கக்கன்று வைத்தே தலைமுறை ஓடுகிறது. எல்லாக் கன்றும் கிட்டத்தட்ட ஒரே நகல் என்பதால், முடிக்கொத்து வைரஸ் நுழைந்ததும் தோட்டம் தோட்டமாக இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றது.

அப்புறம், மறுசேர்க்கையின் இன்னொரு வகையான ஜீன் கன்வெர்ஷனைக் கட்டுரை தொடவே இல்லை. அறுந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும்போது இணைக் குரோமோசோமின் சிறு துண்டு அறுந்த இடத்தில் நகலாகிவிடும். பண்டமாற்று இல்லை, ஒருவழிக் கொடை. சில நூறு டிஎன்ஏ எழுத்துத் தூரத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு வேறுபாடுகளைப் பிரிப்பதில் குறுக்கேற்றத்தைவிட (இணைக் குரோமோசோம்கள் நீண்ட துண்டுகளை மாற்றிக்கொள்வது) இதன் கைதான் ஓங்கும். மனிதரில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி, சி பக்கம் சற்றுச் சாயவும் செய்யும்.