சேர்ப்பதற்கு முன் ஓட்டு விதியை மாற்றுங்கள்

உக்ரைன், மால்டோவா, மேற்கு பால்கன் நாடுகள் எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கின்றன. சேர்க்கலாமா வேண்டாமா என்றே எல்லோரும் பேசுகிறார்கள். சேர்ந்தபின் அங்கே எப்படி ஓட்டுப் போடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன் நான்.

காரணம் இருக்கிறது. 1958-இல் ஆறு நாடுகளோடு, ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தொடங்கியபோது, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் அமைச்சர்கள் அவையில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 4 ஓட்டு. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 2. லக்சம்பர்க்குக்கு 1. மொத்தம் 17. சட்டங்களை முன்மொழியும் அமைப்பான ஆணையத்தின் முன்மொழிவு நிறைவேற 12 வேண்டும். கூட்டிப் பாருங்கள். மற்ற ஐவரின் ஓட்டும் இரட்டைப்படை. அவர்கள் எப்படிச் சேர்ந்தாலும் 10 வரும், 12 வரும்; 11 வரவே வராது. 11 வந்தால்தானே லக்சம்பர்க்கின் 1 அதை 12 ஆக்கும்? ஆக, லக்சம்பர்க் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் முடிவு அதேதான். 1973-இல் புதிய நாடுகள் சேரும்வரை இதே கதை. இத்தனைக்கும் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஆறு பேரில் அதிக ஓட்டு பெற்ற நாடு அதுதான்!

பெரும்பான்மையால் முடிவெடுக்கும் விஷயங்களுக்கான இப்போதைய விதி 2014 நவம்பரில் வந்தது: 55% நாடுகள் ஆதரிக்க வேண்டும், அவற்றில் ஒன்றியத்தின் 65% மக்கள் இருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கு பெரிய நாடுகளுக்குக் கைகொடுக்கிறது, நாடுகளின் எண்ணிக்கை மிகச் சிறிய நாடுகளுக்கு. நடுவில் இருப்பவர்கள்தான் நசுங்குகிறார்கள். 2007-இல் போலந்து இதை எதிர்த்து வர்க்கமூல முறையைக் கேட்டது. 1946-இல் பிரிட்டன் அறிவியலாளர் லயனல் பென்ரோஸ் சொன்ன யோசனை அது: நான்கு மடங்கு மக்கள் என்றால் இரண்டு மடங்கு ஓட்டு. பெரிய நாட்டில் தனிமனிதரின் ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு குறைவு. ஆனால் மக்கள்தொகை கூடும் அளவுக்கு அது குறைவதில்லை, அதன் வர்க்கமூல அளவுக்கே குறைகிறது. அதை ஈடுகட்டினால் எந்த நாட்டுக் குடிமகனுக்கும் ஏறக்குறைய ஒரே பலம் கிடைக்கும். போலந்து தன் லாபத்துக்காகவே கேட்டது என்பார்கள். இருக்கட்டுமே, கணக்கு நியாயமானது.

இதைவிடக் கவலை தருவது ஒருமனதாக முடிவெடுக்கும் விதி. வெளியுறவு, வரி, புதிய உறுப்பினர் சேர்க்கை எல்லாவற்றுக்கும் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். 2023 டிசம்பரில் உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சுவார்த்தை தொடங்கும் முடிவை எடுக்க, அதை எதிர்த்த ஹங்கேரியப் பிரதமர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது. அதே கூட்டத்தில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தார். 2024 பிப்ரவரியில்தான் அது நிறைவேறியது. போர் நடக்கும் நாட்டுக்கான பணம் ஒரே ஒருவரின் மனம் மாறக் காத்திருந்தது.

இந்த விதியை மாற்றவும் எல்லோர் சம்மதமும் தேவை. இன்று 27 பேர் ஒப்புக்கொண்டால் போதும். தடுக்கும் அதிகாரத்தோடு மேலும் பலர் உள்ளே வந்தபின் அத்தனை பேரையும் கெஞ்ச வேண்டும்.