வரம் கேட்டவனுக்குத் தண்டனை, கொடுத்தவனுக்குக் கும்பிடா?

"வேறொரு வாழ்க்கை அமைந்திருக்கக் கூடாதா" என்று ஒருவன் புலம்புவான். எங்கிருந்தோ ஒரு மாயக் கிழவர் முளைப்பார். பொழுது விடிந்தால் மாளிகை, அலமாரி நிறைய அவன் அளவுக்கே தைத்த சட்டைகள், வாசலில் வணக்கம் சொல்ல ஆட்கள். அப்புறம் சமையலறைக்குப் போவான். குளிர்பதனப் பெட்டியின் கதவில், மகள் வண்ணப் பென்சிலால் கிறுக்கி ஒட்டியிருந்த யானைப் படம் இருக்காது. மகளே இருக்கமாட்டாள். உடனே கதறல், கிழவரின் காலில் விழுதல், பழைய வீடு, சுபம். கதை எழுதுபவர்களே, எத்தனை முறைதான் ஐயா இதையே அரைப்பீர்கள்?

அவன் அழுவதில் எனக்கு வருத்தமில்லை. எடைக்கல்லிலேயே கள்ளத்தனம் செய்கிறீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல். புதிய வாழ்க்கைக்குள் அவனைப் பழைய நினைவுகளோடு இறக்கிவிடுகிறீர்கள். அந்த மாளிகையில் வாழ்ந்த வருடங்களின் நினைவோ ஒரு துளிகூடக் கிடையாது. அங்கே அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது கண்விழித்தவள் அவனுக்கு அந்நியள். தோளில் கைபோடும் நண்பனின் பெயர் தெரியவில்லை. இப்படி ஆளை நடுவில் தள்ளிவிட்டு, "பார், எவ்வளவு வெறுமை!" என்றால் என்ன நியாயம்? நினைவைப் பிடுங்கிவிட்டுப் பழைய வீட்டில் விட்டாலும் அதே வெறுமைதானே? போகட்டும், அவன் வரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அந்த மாளிகைக்காரர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

நம் மகாபாரத மன்னன் யயாதியின் கதை எவ்வளவோ நேர்மையானது. மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டுகள் அனுபவிக்கிறான். அனுபவித்த பிறகுதான் ஆசைக்கு முடிவில்லை என்று உணர்ந்து திருப்பித் தருகிறான். யாரும் அவனை மறைமுக நிபந்தனையில் சிக்கவைக்கவில்லை. பிசாசிடம் ஆன்மாவை விற்ற ஃபௌஸ்டின் ஜெர்மன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1587இல் அச்சான பழைய நூலில், 24 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பிசாசு அவனைச் சிதைத்தே கொல்கிறது. 1832இல் வெளிவந்த, ஜெர்மன் கவிஞர் கோதேயின் ஃபௌஸ்ட் நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் அதே ஃபௌஸ்ட் மீட்கப்படுகிறான், ஓயாமல் முயன்றவன் என்பதற்காக. அப்போதே ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டார். நீங்கள் இன்னும் 1587இலேயே நிற்கிறீர்கள்.

இதெல்லாம் வெறும் கதை என்று ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியவில்லை. வேலையை மாற்றலாமா, படிப்பைத் தொடரலாமா என்று வாயைத் திறந்தால் போதும், "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று பெரியப்பா தொடங்கிவிடுவார், கூடவே இப்படி ஒரு கதையும் வரும். உள்ளதைக் கொண்டு திருப்திப்பட வேண்டுமாம். சொல்பவர் வாய்ப்பு வந்தபோது நகராமல் இருந்துவிட்டு, இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்பவர்! கிலோவிச், மெட்வெக் என்ற உளவியலாளர்கள் 1990களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்: செய்த காரியம் உடனடியாகச் சுடும், காலம் போகப்போக மனத்தை அதிகம் அரிப்பது செய்யாமல் விட்டதுதான். அந்த வருத்தத்துக்கு எந்தக் கிழவரும் கதையில் வருவதில்லை.

ஒரே ஒரு கதையிலாவது அவன் அங்கேயே தங்கட்டும். இழந்த மகளை நினைத்து அழட்டும், அழுதுகொண்டே புதிய வேலைக்கும் போகட்டும், அந்த நண்பனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதை எழுதத் துணிவில்லை என்றால், அந்தக் கிழவரை எதற்காக வரவழைக்கிறீர்கள்?