நடப்பவரைத் தாண்டும்போது பத்து

சிங்கப்பூரில் மின்சைக்கிள் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். மொத்தமாகத் தடை செய்யச் சொல்கிறது ஒரு கட்சி. உணவு கொண்டுவருபவர்களின் பிழைப்பைக் கெடுக்காதே என்கிறது மற்றது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதி. நடப்பவரும் மின்சைக்கிளும் ஒரே பாதையில் போகிற இடங்களில், ஒருவரைத் தாண்டிச் செல்லும் அந்தச் சில மீட்டருக்கு வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஆளில்லாத நீளமான பாதையில் இப்போதிருக்கும் 25 அப்படியே இருக்கட்டும்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர்களிலேயே பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. சாதாரண நடைபாதையில் மின்சைக்கிள் ஓட்டவே கூடாது. மோட்டார் இல்லாத சைக்கிள் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மின்சைக்கிளுக்கு அனுமதி உண்டு, உச்ச வேகம் 25. சாலையிலும் போகலாம். ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், 2022 முதல் தியரி தேர்விலும் தேறியிருக்க வேண்டும். வண்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கக்கூடாது. மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும், வேகம் 25-ஐத் தொட்டதும் அந்த உதவி நின்றுவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்து எண் பலகையும் மாட்ட வேண்டும்.

இத்தனை இருந்தும் பூங்கா இணைப்புப் பாதையில் சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் ஏன் பயந்து பயந்து நடக்கிறார்கள்? வண்டிக்கு எல்லாக் கட்டுப்பாடும் போட்டுவிட்டோம். அது ஒரு மனிதரின் தோளுக்கு அருகில் உரசிக்கொண்டு போகும் கணத்துக்கு மட்டும் தனியாக வேகம் எதையும் சொல்லவில்லை. காலியான பாதையிலும் 25, கைக்குழந்தையோடு நடக்கும் தாயை ஒட்டிப் போகும்போதும் எழுத்தில் உள்ள உச்சம் அதே 25. சுற்றிலும் பார்த்து ஓட்டு என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறோம், சரி. ஆனால் அவசரத்தில் இருப்பவருக்கு நினைவில் நிற்பது எண்தான்.

நடப்பவர் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் கடந்துவிடும். பின்னால் ஏதோ வருகிறது என்று உணர்ந்து ஒரு வயதானவர் கழுத்தைத் திருப்பவே அந்த ஒரு நொடி போய்விடும். மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். 10 கிலோமீட்டரில் மோதுவதைவிட 25-இல் மோதும்போது ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேல். வண்டியும் ஆளும் சேர்ந்து எளிதாக 90 கிலோ வந்துவிடும், முதுகில் சாப்பாட்டுப் பை இருந்தால் இன்னும் கூடுதல். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடமாட எத்தனை மாதம் ஆகும் என்பது அதைப் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும்.

மின்சைக்கிளுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சாதாரண சைக்கிளில் வருபவரின் உடம்பைப் பார்த்தே வேகத்தை ஊகித்துவிடலாம். அழுத்தி மிதித்தால் வேகமாக வருகிறார், நிதானமாக மிதித்தால் மெதுவாக வருகிறார். மேடு ஏறும்போது எப்படியும் வேகம் குறைந்துவிடும். மின்சைக்கிளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கால் சும்மா சுற்றுவது போலிருக்கும், வண்டி வேகமாக வந்துகொண்டிருக்கும். மேட்டில்கூட 20-க்கு மேல் ஏறி வரும், சத்தமும் பெரிதாக இருக்காது. சிறு வயதிலிருந்து சைக்கிளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடுவதில்லை. இதில் சட்டவிரோதமாகக் கைவிசை பொருத்தி, மிதிக்காமலே ஓட்டுபவர்கள் வேறு. அவர்கள் பிடிபட்டு வண்டி பறிபோவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மணி அடித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். அடிக்க வேண்டும், தூரத்திலிருந்தே. ஆனால் என் அம்மாவுக்கு ஒரு காது மந்தம். எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. பின்னால் மணி கேட்டதும் பதறி வலப்பக்கம் ஒதுங்குவார், வண்டி வருவதும் வலப்பக்கம்தான். இந்தத் தீவில் அப்படி எத்தனை மூத்தோர் ஈரச்சந்தைக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் நடந்து போகிறார்கள்! மணி அடித்துவிட்டேன், இனி விலகுவது உன் பொறுப்பு என்று நினைப்பது நியாயமே இல்லை. நடப்பவர் எப்படி வேண்டுமானாலும் நகரலாம் என்று எடுத்துக்கொண்டு ஓட்டுபவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அப்புறம், உணவு விநியோகம் செய்பவர்கள். 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் தடை செய்தபோது ஏறக்குறைய 7,000 பேரின் வேலை ஆட்டம் கண்டது. அரசாங்கம் 70 லட்சம் வெள்ளி ஒதுக்கி வண்டியை மாற்றிக்கொள்ள உதவியது. பலர் மின்சைக்கிளுக்கு வந்தார்கள். நாம் சொன்னதைக் கேட்டு மாறியவர்களை இப்போது வில்லனாகப் பார்ப்பது எனக்கு மனசாட்சிக்கு ஒவ்வாதது. சாலையில் இறங்கினால் பக்கத்தில் லாரி, நடைபாதையில் ஏறினால் அபராதம், சைக்கிள் பாதையோ பாதி வழியில் முடிந்துவிடுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே கடைசித் தூரத்துக்கு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மேலே ஒருவர் சாப்பாடு எங்கே என்று செயலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் நான் கேட்கும் விதியால் அவர்களுக்கு என்ன நட்டம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரைத் தாண்ட 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25-இல் அது மூன்று நொடி, 10-இல் ஏழு நொடி. வேகத்தைக் குறைத்து மறுபடி கூட்டுவதையும் சேர்த்தால் இன்னும் ஓரிரு நொடி. ஒரு பயணத்தில் இருபது பேரைத் தாண்டினாலும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை விநியோக நிறுவனங்கள் தங்கள் நேரக் கணக்கில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓட்டுபவரின் கூலியிலிருந்து பிடிக்கக்கூடாது. வாடிக்கையாளர்களான நாமும் இரண்டு நிமிடம் பொறுக்கலாம்.

பாதைகளைப் பிரிப்பதை நான் மனதார வரவேற்கிறேன். 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டியிருக்கும் நடைபாதை நடப்பவருக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதில் சைக்கிளே ஓட்டக்கூடாது, மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. நடப்பவர்களும் சிவப்புச் சாயம் பூசிய சைக்கிள் பாதையில் மூன்று பேராகக் கைகோத்து நடப்பதை நிறுத்த வேண்டும். நாய்க் கயிற்றைப் பாதையின் குறுக்கே நீளவிடுவதையும்தான். 2030-க்குள் சைக்கிள் பாதைகள் சுமார் 1,300 கிலோமீட்டருக்கு விரியப் போகின்றன. ஆனாலும் எல்லா இடத்திலும் இரண்டு பாதை போட இங்கே நிலம் கிடையாது. கால்வாய் ஓரம், பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம், மேம்பாலத்தின் அடியில் குறுகும் வளைவு, இங்கெல்லாம் நாம் சேர்ந்துதான் போயாக வேண்டும். என் விதி அந்த இடங்களுக்குத்தான்.

இதை யார் கண்காணிப்பது என்று கேட்பீர்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்ற விதிக்கும் மூலைக்கு மூலை அதிகாரி நிற்பதில்லை. விதி இருந்தால் தியரி தேர்வில் கேள்வி வரும், பாதையில் எழுதிப் போடலாம், விபத்து நடந்தால் யார் பக்கம் தவறு என்பதில் குழப்பம் இருக்காது.

எங்கள் பேட்டையில் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் இரவில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் வட்டாரத்தில் நடப்பவரும் வண்டியும் திடீரென்று முட்டிக்கொள்ளும் முனை, கண்ணுக்கு மறைவான வளைவு எது என்று புளோக் எண்ணோடு கீழே எழுதுங்கள். நடப்பவர்கள் மட்டுமில்லை, மின்சைக்கிள் ஓட்டுபவர்களும் எழுதுங்கள். எந்த இடத்தில் பாதை உங்களைக் கைவிடுகிறது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.