ஃப்ருன்ஸிக்கின் கண்களுக்கு விளக்கம் தேவையில்லை

ஆர்மேனிய நடிகர் ஃப்ருன்ஸிக் ம்கர்த்சியானைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரிக்குள் அவருடைய பெரிய மூக்கும், நான்காவது வரிக்குள் அவருடைய சோகம் கவிந்த கண்களும் வந்துவிடுகின்றன. அடுத்த பத்தியில் மனைவியின் நோய், குடி, தனிமை, மரணம் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, ஊரைச் சிரிக்கவைத்தவர் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார் என்று முடித்துவிடுகிறார்கள். கேட்பதற்கு உருக்கமாக இருந்தாலும், ஒரு நடிகன் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற தொழிலை அவனுடைய வீட்டுத் துயரத்தின் கசிவாகச் சுருக்கிவிடும் கதை அது. அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவரும் ஒரு ரசிகன் என்ற முறையில் இந்தக் கதையை மறுத்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அவர் 1930 ஜூலை 4 அன்று அன்றைய சோவியத் ஆர்மேனியாவின் லெனினாகன் நகரத்தில் பிறந்தார். ஜார் ஆட்சியில் அலெக்சாந்திரபோல் என்றிருந்து, லெனின் இறந்த 1924இல் லெனினாகன் ஆகி, இன்று க்யூம்ரி என்று அழைக்கப்படும் ஊர் அது. தந்தை முஷேக், தாய் சனாம் இருவருமே ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்கள் கொன்று குவிக்கப்பட்ட 1915இன் இனப்படுகொலையில் பெற்றோரை இழந்து அநாதை விடுதியில் வளர்ந்தவர்கள். பிறகு அதே ஊரின் நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மகனுக்குச் செம்படைத் தளபதி மிக்கயில் ஃப்ருன்ஸேயின் பெயரைச் சூட்டினார்கள். பிற்காலத்தில் அவருக்கு ம்ஹேர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆர்மேனியர்களின் சாசூன் காவியத்தில் சிங்கத்தைக் கையால் கிழித்த வீரனின் பெயர் அது. ஒரு தளபதியின் பெயரையும் ஒரு காவிய வீரனின் பெயரையும் சுமந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியும் ஓட்டுநர், ஆட்டிடையன், சாதாரணச் சிப்பாய் என்று அதிகாரமே இல்லாத மனிதர்களாக நடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். குடும்பப் பெயரான ம்கர்த்சியானுக்கும் ஏறத்தாழ 'ஸ்நாபகன் வீட்டுப் பிள்ளை' என்றுதான் பொருள்.

அந்த ஊரைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். ஆர்மேனியாவில் நகைச்சுவை என்றாலே க்யூம்ரி என்பார்கள். தெருவில் நின்று வாய்ப்பேச்சாலேயே பேர்பெற்ற பொலோஸ் முகுச் என்பவருக்கு அங்கே சிலையே உண்டு. அதே ஊரில்தான் 1920களில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகள் படைமுகாம் கட்டடங்களில் வளர்க்கப்பட்டார்கள். அநாதைகளாக வளர்ந்தவர்கள் பெற்றோராகி, பிள்ளைகளைச் சிரிக்கச் சிரிக்க வளர்த்த ஊர் என்று அதைச் சொல்லலாம். ஃப்ருன்ஸிக்கின் முகத்தில் சிரிப்பும் துயரமும் ஒன்றாகக் குடியிருப்பதற்குக் காரணம் வேண்டுமென்றால், மணவாழ்க்கையைத் துருவுவதை விட்டுவிட்டு, அவர் காதில் முதலில் விழுந்த அந்த ஊர்ப் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

நெசவாலையின் தொழிலாளர் மன்றத்தில் படம் ஓட்டுபவருக்கு உதவியாளாக இருந்தார். அங்கிருந்த நாடகக் குழுவில் நடித்தார். லெனினாகன் நாடகப் பயிற்சிக்கூடத்தில் பயின்று அவ்வூர் அரங்கின் மேடையேறினார். பிறகு தலைநகர் யெரெவான் சென்று கலை, நாடகக் கல்லூரியில் படித்து 1956இல் முடித்து, நாட்டின் தலைமை அரங்கமான சுந்துக்யான் நாடகக் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்த வர்தான் அஜெம்யானும் முன்பு லெனினாகன் அரங்கை வளர்த்தவர்தான். அதாவது, திரையில் நாம் பார்க்கும் 'இயல்பான' மனிதர் ஏறத்தாழ பத்தாண்டுப் பயிற்சியின் விளைவு. வாய்த்த முகத்தை வைத்துப் பிழைத்தவர் என்று அவரை எண்ணுகிறவர்கள் இந்தப் பத்தாண்டை மறந்துவிடுகிறார்கள்.

சோவியத் நாடு முழுவதும் அவரை அறிந்தது 1967இல், லியோனித் கைதாய் இயக்கிய 'காகசஸ் கைதிப்பெண்' வழியாக. முதல் ஆண்டிலேயே 7.6 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்ற படம் அது. அண்ணன் மகளை ஆட்டுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் பேரம் பேசி விற்கும் சித்தப்பாவாக அவர் வருவார். அதில் அவர் மனைவியாக நடித்தவர் நிஜ மனைவியான தோனாரா பிலோஸ்யான். அந்தப் பேரக் காட்சியைப் பார்த்து நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் மாஸ்கோவிலிருந்து பார்க்கும்போது காகசஸ் மலைக்காரன் எப்படித் தெரிவான் என்பதற்காக வரையப்பட்ட கேலிச்சித்திரம் அது. கோணலான ரஷ்ய மொழி, கிடைத்த விலைக்கு எதையும் விற்கும் புத்தி, அவ்வளவுதான். கோடிக்கணக்கானவர்களுக்கு ஃப்ருன்ஸிக் என்றால் இன்றுவரை இந்தச் சித்தப்பாதான் என்பது எனக்கு வருத்தமே.

மாஸ்கோ தந்த வேடங்களில் அவரை முழு மனிதராக வைத்திருந்தது கியோர்கி தனேலியாவின் 'மிமினோ'. பெரிய விமானம் ஓட்டும் ஆசையோடு மாஸ்கோ வரும் ஜார்ஜிய ஹெலிகாப்டர் விமானியாக வக்தாங் கிகாபிட்ஸே; பெயர்க் குழப்பத்தால் அகச்சுரப்பியல் பேராசிரியர் என்று கருதப்பட்டு அவரோடு ஒரே விடுதி அறையில் தங்கவைக்கப்படும் லாரி ஓட்டுநர் ரூபிக்காக ஃப்ருன்ஸிக். 1977 மாஸ்கோ திரைப்பட விழாவில் இந்தப் படம் தங்கப் பரிசு வென்றது. மறு ஆண்டு இயக்குநருக்கும் இரண்டு நடிகர்களுக்கும் சோவியத் அரசுப் பரிசு கிடைத்தது. நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். நண்பனைக் காப்பாற்றச் சாட்சி சொல்ல வருகிறார் ரூபிக். ஒவ்வொரு கேள்விக்கும் நண்பனுக்கு எது நல்லது என்று யோசித்து, யோசித்ததாலேயே வழக்கைக் கெடுத்துவிடுகிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியில்தான் அத்தனை நகைச்சுவையும் இருக்கிறது. அங்கே அவர் சிரிக்கவைக்க முயலவே இல்லை. ஒரு நல்ல மனிதன் ரஷ்ய மொழியில், அதிகாரத்தின் முன்னால், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறான்.

அந்தப் படத்தில் மின்தூக்கியில் இரண்டு ஜப்பானியர்கள், இந்த ஜார்ஜியரையும் ஆர்மேனியரையும் பார்த்து, ரஷ்யர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று இருந்ததாம். தணிக்கையில் அது போய்விட்டது. முழுப் படத்தின் சாரமே அந்தச் சில நொடிகளில் இருந்திருக்கும்.

(இந்தியர்கள் அவரை வேறொரு வழியில் பார்த்திருக்கக்கூடும். தர்மேந்திரா, ஹேமமாலினி நடித்த இந்திய-சோவியத் கூட்டுத் தயாரிப்பான அலிபாபா படத்திலும், 1984இன் 'சோஹ்னி மஹிவா'லிலும் அவர் உண்டு. இரண்டிலும் அவருக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை.)

உண்மையான ஃப்ருன்ஸிக் இருப்பது ஆர்மேனியப் படங்களில், குறிப்பாக ஹென்ரிக் மால்யான் இயக்கியவற்றில். 'முக்கோணம்' லெனினாகனின் கொல்லுப்பட்டறை ஒன்றைச் சுற்றிய படம். ஹ்ராந்த் மத்தேவோஸ்யானின் கதையிலிருந்து எடுக்கப்பட்ட 'நாங்களும் எங்கள் மலைகளும்' படத்தில், வழிதவறி வந்த பக்கத்து ஊர்க்காரனின் ஆடுகளை அறுத்துத் தின்றுவிட்ட மேய்ப்பர்களில் ஒருவர் அவர். விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரியாக சோஸ் சர்க்ஸ்யான். சட்டம் கேட்கும் கேள்விக்கு மலை பதில் சொல்வதுபோல் படம் முழுவதும் பேச்சாகவே நகரும். அதில் ஃப்ருன்ஸிக் யாரையும் முந்திக்கொண்டு வருவதில்லை. மாஸ்கோப் படங்களில் காட்சியைத் திருடக் கூப்பிடப்பட்ட அதே நடிகர், இங்கே நாலு பேரில் ஒருவராக அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். 1977இன் 'நஹாபெத்'தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இனப்படுகொலையில் குடும்பத்தை இழந்து ஊமையாகிவிட்டது போன்ற நஹாபெத்தாக சோஸ் சர்க்ஸ்யான். அவனை மறுபடி வீடு கட்டவும் மணம் முடிக்கவும் மரம் நடவும் விடாப்பிடியாகத் தூண்டும் அப்ரோவாக இவர். அப்ரோவின் கலகலப்பு கேலிக்குரியதாக எழுதப்படவில்லை, நடிக்கப்படவும் இல்லை. உயிரோடு மிஞ்சியவன் மற்றொருவனை வாழவைக்கக் கையில் எடுக்கும் கருவி அது. அநாதை விடுதியில் வளர்ந்தவர்களின் மகனுக்கு அதை யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு, தம்பி ஆல்பர்ட் ம்கர்த்சியான் இயக்கிய 'எங்கள் பிள்ளைப்பருவத்தின் டாங்கோ'வில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லெனினாகன். போர் முடிந்து திரும்பிய ரூபன், மனைவி சிரானுஷையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவளுடைய தோழியோடு குடித்தனம் போய்விடுகிறான். போனதோடு நிற்காமல் வீட்டுச் சாமான்களில் பங்கும் கேட்கிறான். மேசை, நாற்காலி, கட்டில் என்று மரச்சாமானுக்காக நடக்கும் அந்தச் சண்டை பார்ப்பதற்கு வேடிக்கையாகத் தொடங்கி, போகப்போகத் தாங்க முடியாததாகிறது. சிரானுஷாக நடித்த கல்யா நோவென்ட்ஸ் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார் போலிருக்கும். ஃப்ருன்ஸிக் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ஊரே கொண்டாடும் நடிகர், நம் அனுதாபத்தை ஓரக்கண்ணால்கூட இரக்காமல், கோழையும் சுயநலக்காரனுமான ஒருவனை அப்படியே நம் முன்னால் வைக்கிறார். தன் கண்கள் மக்களை என்ன செய்யும் என்று அறிந்த நடிகருக்கு அவற்றைக் காட்டாமல் இருப்பது எவ்வளவு கடினம்! ரூபன் பெரும்பாலும் தலையைக் குனிந்தே இருக்கிறான். சோகமான கண்கள் அவருக்கு ஒரு கருவி. தேவைப்படாதபோது உறைக்குள் போட்டுவிடவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, அவர் வாழ்க்கையில் துயரமே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருந்தது. தோனாரா மனநோயால் நெடுங்காலம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. ஃப்ருன்ஸிக் குடித்தார், அளவுக்கு மீறிக் குடித்தார். அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் கொண்டாடும் வழக்கத்தைத்தான் சகிக்க முடியவில்லை. 'மிமினோ' படப்பிடிப்பில் அவர் குடியால் வேலை நின்றுபோக, குடியை விடாவிட்டால் வேடம் இல்லை என்று தனேலியா கண்டிப்பாகச் சொன்னாராம். சில நாள் குடிக்காமல் இருந்த ஃப்ருன்ஸிக், அற்பத் திறமைக்காரர்கள் ஏன் உலகை ஆளுகிறார்கள் என்று இப்போதுதான் புரிந்தது, அவர்கள் குடிக்காமல் காலையிலேயே தங்கள் முன்னேற்றத்துக்கான வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள் என்றாராம். தனேலியாவே சொன்ன இந்தக் கதையை எல்லாரும் பகிர்கிறார்கள். அதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த நாள்களில் அவர் குடிக்கவில்லை, வேலை செய்தார். நாம் இன்றும் பார்த்துச் சிரிக்கும் ரூபிக் அப்படி முடிக்கப்பட்ட வேடம்.

மேடை நடிப்பில் பெரும்பகுதி பார்த்தவர்களோடு போய்விட்டது. அது மேடையின் விதி. பிரெஞ்சு நாடகாசிரியர் மார்செல் பன்யோலின் 'ரொட்டிக்கடைக்காரரின் மனைவி'யில், விட்டுப்போன மனைவி திரும்பி வரும்போது ஏற்றுக்கொள்ளும் கணவனாக அவர் நடித்ததை ஆர்மேனியர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதையும் சொந்த வாழ்க்கையோடு முடிச்சுப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1984இல் சோவியத் மக்கள் கலைஞர் என்ற பட்டம் வந்தது. 1988 டிசம்பர் 7 அன்று நிலநடுக்கம் அவர் பிறந்த ஊரைப் பெருமளவு சிதைத்தது. அதன்பின் சோவியத் நாடு உடைந்தது. அஜர்பைஜானோடு கராபாக் போர், எல்லைகள் அடைப்பு, மூடப்பட்ட அணுமின் நிலையம் என்று ஆர்மேனியா இருளில் மூழ்கியது. நாளுக்கு ஓரிரு மணிநேரம் மட்டுமே மின்சாரம் கிடைத்து, பூங்கா மரங்களை வெட்டி மக்கள் குளிர் காய்ந்த 1993இன் டிசம்பர் 29 அன்று, 63ஆவது வயதில் அவர் யெரெவானில் காலமானார். புத்தாண்டுக்கு முந்தைய நாள், வீட்டில் வெளிச்சமும் வெப்பமும் இல்லாத அந்த ஜனங்கள் திரளாக வந்து அவரைக் கோமிதாஸ் நினைவிடத்தில் அடக்கம் செய்தார்கள்.

'மிமினோ'வை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து 'நாங்களும் எங்கள் மலைகளும்' பாருங்கள். முதல் கால் மணிநேரத்தில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், எழுந்து போய்விடாதீர்கள். 'டாங்கோ'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கும்போது அவர் தலை நிமிரும் தருணங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.